மைனஸ் எங்கே உதைக்கிறது? விடையைப் பார்த்துத் தவறைப் பிடிப்பது

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சாயங்காலம் டியூசன் எடுக்கிறேன். ஆறிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகள். சிலர் தமிழ் மீடியம், சிலர் மலையாள மீடியம், இரண்டு பேர் இங்கிலீஷ் மீடியம். பாடப் புத்தகம் வேறு வேறு, வாத்தியார் வேறு வேறு. ஆனால் மைனஸ் வரும் இடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுகிறது.

அதனால் நோட்டில் இன்ட்டு குறி போடுவதை நிறுத்திவிட்டேன். தப்பு விடை என்ன என்று பார்த்தால் பிள்ளை மனசுக்குள் எந்த விதியை ஓட்டியது என்று தெரிந்துவிடும். 4 − 9 = 5 என்று எழுதியவனுக்கும் −3 + (−5) = 8 என்று எழுதியவளுக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே கஷாயம் கொடுப்பது போலத்தான்.

முதலில் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

4 − 9
−3 + (−5)
−4 + 9
5 − (−3)
−7, −2 இரண்டில் பெரியது எது?
எண்கோட்டில் −2-லிருந்து 3-க்குப் போக எத்தனை தாவல்?

பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். இடையில் "சரி", "தப்பு" எதுவும் வேண்டாம். முகத்திலும் காட்டாதீர்கள், அதையும் படித்துவிடுவார்கள். அப்புறம் விடையை வைத்துக் கீழே தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 0, 1, 2, 3 என்று போவது முழு எண்கள். அதோடு மைனஸ் எண்களையும் சேர்த்தால் முழுக்கள். ஓர் 'எண்' போனதும் மைனஸ் உள்ளே வந்துவிடுகிறது! மலையாளத்தில் முழுக்களைப் பூர்ணசங்கிய என்பார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் 'முழு எண்' என்றுதான் வரும். லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் இதில் சண்டை போட்டால் இரண்டு பேருமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. கேள்வியில் மைனஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

4 − 9 = 5 என்று வந்தால்

இது மைனஸ் பாடத்தில் பிறந்த தப்பு இல்லை. இரண்டாம் வகுப்பில் நாம் சொன்ன பொய்யின் வட்டி. "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று சொல்லி வைத்தோம். அன்றைக்கு அது தேவைப்பட்டது. இப்போது 4 − 9 எதிரில் வந்ததும், முடியாததை முடிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்கிறது பிள்ளை.

உடனே எண்கோடு வரைய வேண்டாம். 42 − 19 போடச் சொல்லுங்கள். 37 என்று வந்தால், ஒன்றாம் இடத்தில் 2 − 9 என்பதை 9 − 2 என்று திருப்பியிருக்கிறது. கோளாறு மைனஸில் இல்லை, கடன் வாங்கிக் கழிப்பதில் இருக்கிறது. ஒரு வாரம் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். 23 என்று சரியாக வந்தால் மேலே போகலாம்.

எங்களுக்கு இதற்கு வசதியாக ஒன்று இருக்கிறது, பற்று நோட்டு. லயத்துக்குக் கீழே ஒரு சேட்டன் (மலையாளத்தில் அண்ணன்) கடை. சம்பளத் தேதி வரை அரிசி, பருப்பு எல்லாம் நோட்டில்தான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கேட்டேன்.

"உன் கையில 4 ரூபா இருக்கு. 9 ரூபாய்க்கு பிஸ்கட் வாங்குற. சேட்டன் தருவாரா?"

"தருவாரு டீச்சர். நோட்டுல எழுதிக்குவாரு."

"எவ்வளவு எழுதுவாரு?"

"அஞ்சு."

"அந்த அஞ்சு உன் பையில இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல டீச்சர். அம்மா தலையில இருக்கு" என்றான். அவன் தாளில் எழுதியிருந்த 5-க்கு முன்னால் அவனே ஒரு கோடு போட்டான். பையில் இருக்கிற 5-ம் நோட்டில் இருக்கிற 5-ம் வேறு வேறு என்பது அவனுக்கு முன்பே தெரியும். இதற்கும் கணக்குப் புத்தகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

−3 + (−5) = 8 என்று வந்தால்

எல்லாவற்றிலும் மோசமான தப்பு இதுதான். இதை நானே பல வருஷம் பரப்பியிருக்கிறேன். "மைனசும் மைனசும் பிளஸ்" என்று கை தட்டி ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் பாட்டை மறக்கவே இல்லை. ஆனால் அது எந்த ஊர்ப் பாட்டு என்று மறந்துவிட்டார்கள். இரண்டு மைனஸ் கண்ணில் பட்டாலே போதும், பிளஸ் ஆக்கிவிடுவார்கள். −3 − 5 என்று எழுதினாலும் 8, −3 + (−5) என்று எழுதினாலும் 8.

அந்த வாக்கியம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. கழித்தல் குறியும் எண்ணின் மைனசும் ஒட்டி நிற்கிற 5 − (−3) போன்ற இடத்தில் அதே முடிவு வருகிறது என்பதால் அங்கேயும் அதைச் செலவழிக்கிறோம். கூட்டலில் அதற்கு இடமே இல்லை.

மருந்து: அந்த வாக்கியத்தைத் தடை செய்யுங்கள். குறைந்தது இரண்டு வாரம். சொன்னால் பத்துத் தோப்புக்கரணம் என்று நான் வைத்திருக்கிறேன், பழக்கதோஷத்தில் நானே இரண்டு முறை போட்டிருக்கிறேன். அந்த இரண்டு வாரமும் பற்று நோட்டு மொழியில் மட்டும் பேசுங்கள். நேற்று 3 ரூபாய் பற்று. இன்றைக்கு 5 ரூபாய் பற்று. "அப்போ சேட்டன் உனக்கு 8 ரூபாய் எடுத்துத் தருவாரா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் 8 என்று எழுதியவர்கள்தான்.

பற்று என்று பேசுவது பிள்ளைகளுக்காகச் செய்துகொண்ட சமாளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் விதிகளை எழுதியதே இந்த மொழியில்தான். மிகை எண்ணுக்கு (பிளஸ்) தனம், குறை எண்ணுக்கு (மைனஸ்) ருணம், அதாவது செல்வமும் கடனும். கடனும் கடனும் கூடினால் கடன் என்று கூட்டலுக்கு ஒரு விதி. கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்று பெருக்கலுக்கு வேறொரு விதி. 1,400 வருஷத்துக்கு முன்பே தனித்தனியாக வைத்திருந்ததை ஒரு பாட்டுக்குள் அடைத்து நாம்தான் கெடுத்திருக்கிறோம்.

அதே கணக்குக்கு −2 அல்லது 2 என்று வந்தால் கோளாறு வேறு. "மைனஸ் இருந்தால் கழிக்கணும்" என்று பிள்ளை நினைக்கிறது. இதற்குக் கடைப் பேச்சைவிடக் கையில் எடுக்கிற பொருள் நல்லது. நான் சோடா பாட்டில் மூடிகளை வைத்திருக்கிறேன். நிமிர்ந்த மூடி +1, கவிழ்ந்த மூடி −1. மூன்று கவிழ்ந்த மூடிகளோடு ஐந்து கவிழ்ந்த மூடிகளைத் தள்ளுங்கள். எத்தனை, எப்படி இருக்கிறது? எட்டு, எல்லாம் கவிழ்ந்து. இதில் எதையும் எடுக்கவே இல்லையே, கழித்தல் எங்கிருந்து வந்தது?

இரண்டு நிறக் குச்சிகளை வைத்து இதே வேலையைச் சீனாவில் பழங்காலத்திலேயே செய்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சிவப்பு மிகை, கறுப்பு குறை. இன்றைக்குக் கணக்கெழுதுபவர்கள் நஷ்டத்தைச் சிவப்பில் போடுவதற்கு நேர் எதிர்.

−4 + 9 = −13, அல்லது −5

−13 என்றால், முன்னால் இருக்கிற மைனஸ் வரி முழுவதுக்கும் என்று எடுத்துக்கொண்டு 4-ஐயும் 9-ஐயும் கூட்டியிருக்கிறது. −5 என்றால் கழித்தது சரி, முதல் எண்ணின் குறியைப் பழக்கத்தில் ஒட்டிவிட்டது.

இரண்டுக்கும் மூடிதான். நாலு கவிழ்ந்தது, ஒன்பது நிமிர்ந்தது. ஒன்றும் ஒன்றும் ஜோடி சேர்த்து ஒதுக்கு. ஜோடி கிடைக்காமல் நிற்பது எது? வீட்டில் அம்மா சொல்லிக்கொடுக்க விரும்பினால் கொழுந்துக் கணக்கே போதும். திங்கள்கிழமை அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவுக்கு 4 கிலோ குறைச்சல், செவ்வாய்க்கிழமை 9 கிலோ கூடுதல், இரண்டு நாளும் சேர்த்தால் கூடுதலா குறைச்சலா, எவ்வளவு? பள்ளிக்கூடமே போகாத அம்மாக்கள் இதற்கு என்னைவிட வேகமாக விடை சொல்கிறார்கள்.

−7 தான் −2-ஐ விடப் பெரியது என்றால்

பிள்ளை 7-ஐயும் 2-ஐயும் பார்க்கிறது, கோட்டைப் பார்க்கவில்லை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. நம் பேச்சே பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஏழு ரூபாய் கடன், இரண்டு ரூபாய் கடனைவிடப் 'பெரிய கடன்' என்றுதானே சொல்கிறோம்? −7 டிகிரியில் 'குளிர் அதிகம்' என்றுதானே சொல்கிறோம்? பெரிய, அதிகம் என்ற சொற்கள் மைனஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

கேள்வியை மாற்றுங்கள். எது பெரிய கடன் என்று கேட்காதீர்கள், யாருடைய நிலைமை தேவலை என்று கேளுங்கள். எங்கே குளிர் அதிகம் என்று கேட்காதீர்கள், எங்கே சூடு அதிகம் என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஜனவரி மாதம் நல்லது. சில விடியல்களில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஓடையோரத் தேயிலைச் செடி மேல் உப்புத் தூவினது மாதிரி வெள்ளை. கையில் தொட்டால் கரகரவென்று உதிரும். வெயில் ஏறின பிறகு பார்த்தால் அந்தக் கொழுந்தெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் குறித்துவரச் சொன்னேன். 3, 1, 0, −1, −2, 0, 2. இதைக் குளிர் குறைந்த நாளிலிருந்து வரிசைப்படுத்து என்றதும் தகராறே இல்லை. 3 மேலே, −2 கடைசி. −2-க்குக் கீழே −7 எங்கே வரும் என்று கேட்டால் விரல் தானாகத் தரையைக் காட்டும்.

ஒரு பையன் மடக்கினான். "டீச்சர், தெர்மாமீட்டர்ல 2 இருந்துச்சு, ஆனா புல்லு மேல ஐஸ் இருந்துச்சே?" நியாயமான கேள்வி. மேகமில்லாத இரவில் புல்லும் தரையும் தம் சூட்டை வேகமாக இழக்கும். ஆள் உயரத்தில் காற்று 2 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். கணக்குப் பாடம் அன்றைக்கு அதோடு முடிந்தது, பரவாயில்லை.

பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது மனிதர்கள் செய்த ஏற்பாடுதான் என்று காட்ட இன்னொரு சங்கதி. ஸ்வீடன் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தம் அளவுகோலைச் சொன்னபோது தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்று தலைகீழாக வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகுதான் திருப்பினார்கள். அந்தப் பழைய அளவில் எங்கள் −2 டிகிரி விடியல் 102 டிகிரி!

இந்தத் தப்பைச் செய்கிற பிள்ளையை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். பூஜ்யத்திலிருந்து −7 தான் அதிகத் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குத் தனி மதிப்பு என்று பெயர், அது பின்னால் வரும். "நீ சொன்னது வேற கேள்விக்கு விடை" என்று சொன்னால் போதும்.

−2-லிருந்து 3-க்கு 4, 6, அல்லது 1 தாவல்

சரியான விடை 5. தப்பு விடைகள் மூன்றும் மூன்று கதை சொல்லும்.

6 என்றால், நிற்கிற இடத்தையே ஒன்று என்று எண்ணியிருக்கிறது. 4 என்றால் பூஜ்யத்தை விட்டுத் தாண்டியிருக்கிறது, ஒன்றும் இல்லாதது ஒரு இடமாக எப்படி இருக்கும் என்ற நினைப்பு. 1 என்றால் குறியைப் பார்க்காமல் 3-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது.

லயத்து வாசல் படியில் நிறுத்திச் செய்துவிடலாம். வாசல் மட்டம் பூஜ்யம். கீழே இரண்டாவது படியில் பிள்ளையை நிறுத்துங்கள். காலைத் தூக்கி வைத்த பிறகுதான் 'ஒன்று' என்று சொல்ல வேண்டும். நிற்கும்போது வாய் திறக்கக் கூடாது. வாசலை மிதிக்காமல் மேல்படிக்குப் போகச் சொல்லுங்கள், பூஜ்யம் இருக்கிறதா இல்லையா என்று காலே சொல்லும்.

5 − (−3) = 2 என்று வந்தால்

இதில்தான் அதிக நேரம் போகும்.

பிள்ளை இரண்டு கோடுகளில் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது, அல்லது இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறது. எல்லையோரப் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு தனிக் காரணத்தைக் கண்டேன். மலையாளத்தில் கழிப்பதற்குக் குறய்க்குக என்றே சொல்கிறார்கள். தமிழ்ப் புத்தகத்தில் −3-க்குக் குறை எண் என்று பெயர். நான் "குறை மூணு" என்று சொன்னபோது, பகலெல்லாம் மலையாளம் கேட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு 'மூன்றைக் கழி' என்று காதில் விழுந்திருக்கிறது. ஒரு எண்ணின் பெயரைச் சொல்கிறேன் என்று நான் நினைக்க, ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறேன் என்று அது நினைக்க, ஒரு மாதம் இரண்டு பேரும் இப்படியே போய்க்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வாய்ச்சொல்லைப் பிரித்துவிட்டேன். செய்யும் வேலைக்குக் 'கழி' மட்டும். எண்ணின் பெயருக்கு 'மைனஸ்' மட்டும். 5 − (−3) என்பதை "அஞ்சிலிருந்து மைனஸ் மூணைக் கழி" என்று படிக்க வேண்டும். சுத்தத் தமிழ் போச்சே என்று யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நடுவில் 'மைனஸ் மைனஸ்' என்று படித்தால் அன்றைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

குழப்பம் குறியிலேயே இருக்கிறது என்பதும் உண்மை. 1489-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் யோகான்னஸ் விட்மன் அச்சிட்ட வணிகக் கணக்கு நூலில்தான் இந்த + − குறிகள் முதன்முதலாக அச்சேறின. அதில் சரக்கு எடை கூடுதலா குறைச்சலா என்று காட்டவும் அவை பயன்பட்டன. நிலைமையைச் சொல்லவும் வேலையைச் சொல்லவும் ஒரே கோட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பிழைப்பு நடத்துகிறோம்.

இனி விளக்கம். மூடியில் இப்படி. ஐந்து நிமிர்ந்த மூடிகள். இதிலிருந்து மூன்று கவிழ்ந்த மூடிகளை எடுக்க வேண்டும். இல்லையே? பிள்ளை முழிக்கும். முழிக்கட்டும், ஒரு நிமிடம் விடுங்கள். ஒரு நிமிர்ந்ததும் ஒரு கவிழ்ந்ததும் சேர்ந்தால் பூஜ்யம் என்பது முன்பே தெரியும். அப்படி மூன்று ஜோடியைக் கொண்டுவந்து வைத்தால் மதிப்பு இன்னும் 5 தான். இப்போது எடுக்க மூன்று கவிழ்ந்த மூடிகள் இருக்கின்றன. எடுத்துவிடு. எட்டு நிமிர்ந்த மூடிகள் மிச்சம். பற்று மொழியில், சேட்டன் நோட்டில் ஒரு 3 ரூபாய் பற்றை அடித்துவிட்டால் உன் நிலைமை 3 ரூபாய் உயர்ந்ததா, தாழ்ந்ததா?

பெரிய பிள்ளைகளுக்கு நான் மலையைக் காட்டுவேன். ஆனைமுடி கடல் மட்டத்திலிருந்து 2,695 மீட்டர். ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டு நெல்வயல்கள் பல கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன, வரப்புக்கு வெளியே தண்ணீர் மேலே நிற்கும், உள்ளே நாற்று கீழே நிற்கும். ஒரு வயல் −2 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சிக்கும் வயலுக்கும் உயர வித்தியாசம் என்ன? உச்சியிலிருந்து கடல் மட்டம் வரை 2,695. அப்புறம் இன்னும் 2 மீட்டர் இறங்கணும். 2,695 − (−2) = 2,697. 2,693 என்று எழுதிய பெண்ணிடம், "அப்போ வயல் கடலுக்கு மேலயா கீழயா?" என்று மட்டும் கேட்டேன். "அய்யோ" என்று தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். தன் விடை எந்த உலகத்தில் சரியாக இருக்கும் என்று பிள்ளையைக் கேட்பது பல நேரம் வேலை செய்கிறது.

(−3) × (−4) = −12

மேலே தடை செய்த பாட்டை இங்கே மட்டும் அவிழ்த்துவிடலாம். ஆனால் "ஏன் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பாட்டு போதாது. கடன் கதையை இங்கே இழுக்காதீர்கள். கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன என்று பிரம்மகுப்தரே வந்தாலும் சேட்டன் கடையில் காட்ட முடியாது. நான்கின் வாய்ப்பாட்டை மேலிருந்து இறக்குங்கள்.

3 × (−4) = −12
2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0

ஒவ்வொரு வரியிலும் விடை 4 ஏறுகிறது. அடுத்த வரி (−1) × (−4). இதுவரை ஒழுங்காக ஏறியது இந்த இடத்தில் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? 4, பிறகு 8, பிறகு 12. முறை உடையாமல் இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

எட்டாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் பங்கீட்டுப் பண்பை வைத்து மடக்கலாம். (−3) × [4 + (−4)] என்பது பூஜ்யம்தான், அடைப்புக்குள் பூஜ்யம் இருக்கிறதே. பிரித்தால் (−3) × 4 என்பது −12. அதோடு எதைச் சேர்த்தால் பூஜ்யம் வரும்?

கதைதான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஒழுகுகிற தண்ணீர் டேங்க். நிமிடத்துக்கு 4 லிட்டர் போகிறது, அது −4. மூன்று நிமிடத்துக்கு முன்னால், அது −3. அப்போது டேங்கில் இப்போது இருப்பதைவிட எவ்வளவு கூடுதல்? எங்கள் லயத்து டேங்க் ஒழுகாத நாள் கிடையாது என்பதால் இது உடனே புரிந்துவிடும்.

−3² = 9

எட்டாம் வகுப்பில் வரும். (−3)² என்பது 9. அடைப்பு இல்லாத −3² என்பது −9, அடுக்கு 3-ஐ மட்டும் பிடித்திருக்கிறது, மைனஸ் வெளியே நிற்கிறது. ஒரு பெண் எக்செல்லில் போட்டுப் பார்த்து 9 வந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். எக்செல் மைனசை முதலில் ஒட்டிவிட்டுத்தான் வர்க்கம் எடுக்கும், அது அந்த மென்பொருளின் வழக்கம். பரீட்சைத் தாளில் கணித வழக்கம்தான் செல்லும். சந்தேகம் வந்தால் அடைப்பு போடு என்று முடித்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யம் மிகையா குறையா என்று கேட்டால், இரண்டும் இல்லை.

எண் கணக்கு சரி, வாக்கியக் கணக்கு மட்டும் தப்பு

"வெப்பநிலை −3 டிகிரி குறைந்தது" என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. குறைந்தது என்று சொன்ன பிறகு மைனஸ் எதற்கு? 3 டிகிரி குறைந்தது, அல்லது மாற்றம் −3 டிகிரி. இரண்டில் ஒன்று. "−3 டிகிரிக்குக் குறைந்தது" என்றால் அது வேறு, தெர்மாமீட்டர் இப்போது −3 காட்டுகிறது. 'க்கு' என்ற ஒரே எழுத்துப் பொட்டலத்தில் விடை மாறும். கேள்வியை வாசித்ததும் எண்ணைத் தொடாமல், 'மாற்றமா, இருக்கிற இடமா' என்று மட்டும் சொல்லச் சொல்லி ஒரு வாரம் பழக்கினேன். முக்கால்வாசிப் பேருக்குச் சரியானது.

வாயில் சரியாகச் சொல்கிறாள், பரீட்சையில் தப்பு

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. ஏழாம் வகுப்புப் பெண். என்ன கேட்டாலும் வாயில் சரி. தாளில் பாதி தப்பு. கவனக் குறைவு என்று திட்டியும் பார்த்தேன். ஒருநாள் விளக்குக்குக் கீழே அவள் நோட்டை வாங்கி நானே வாசித்தபோதுதான் தெரிந்தது. அவள் மைனசைக் குட்டையாக, மெல்லியதாகப் போடுகிறாள். எண்ணைக் கோட்டுக்கு மேலே தூக்கி எழுத மாட்டாள், கோட்டின் மேலேயே பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த மைனஸ் போய் நோட்டின் நீலக் கோட்டு மேலேயே படுத்துக்கொள்கிறது. எழுதும்போது −6. அடுத்த வரிக்கு இறக்கும்போது அவள் கண்ணுக்கே 6.

இப்படிச் சந்தேகம் இருந்தால் பிள்ளையின் பழைய தாளில் குறி எந்த வரியில் காணாமல் போகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். வரி மாறும் இடத்திலேயே காணாமல் போனால் கணக்கில் கோளாறு இல்லை, எழுத்தில் கோளாறு. பக்கம் திரும்பும் இடத்தில் போனாலும் அப்படித்தான். குறை எண் ஒவ்வொன்றுக்கும் அடைப்பு போடச் சொல்லுங்கள், பிளஸ் எண்ணுக்கு வேண்டாம்.

அவளுக்குக் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது மைனஸ் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஏழாம் வாய்ப்பாடு மட்டும் 7 × 8-இல் நின்றுவிடுகிறது, அது வேறு கோளாறு.